பழைய மோட்டார் சைக்கிளும் புத்தளக் கரையோரப் பாதையும்

போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர், வீதிகள் அமைக்கப்பட்ட ஆண்டுகளையும் புகையிரதப் பாதைகள் நீட்டப்பட்ட ஆண்டுகளையும் குறிப்பதோடு பெரும்பாலும் நிறைவு கொள்வர். அவ்வீதிகளிலே சாதாரண மனிதன் எதில் ஏறிச் சென்றான், அவ்வூர்தி அவனுக்கு எத்தகைய உரிமையையும் மகிழ்ச்சியையும் தந்தது என்னும் வினாக்கள் வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பேணி, அதிலே நெடுந்தூரம் செல்வதில் ஒருவர் காணும் இன்பம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகத் தோன்றாதிருக்கலாம். அதனை வெறும் பழமைப் பற்றென ஒதுக்குவோரும் உளர். ஆயினும் இலங்கையின் வடமேற்குக் கரையிலே, புத்தளம் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்லும் பாதையை மனங்கொண்டு நோக்கும்போது, அவ்வின்பம் தனிமனித விருப்பத்தினால் மட்டும் தோன்றியதன்று என்பதும், நாட்டின் பொருளாதாரமும் மொழிப் பூசலும் போரும் அதன் தன்மையை வரையறுத்துள்ளன என்பதும் புலனாகும்.

பாதையும் பயணிகளும்

தெற்கே மகா ஓயாவுக்கும் வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் இடையே நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டக் கரையோரம். வென்னப்புவ, மாறவில, மாதம்பை, சிலாபம், முந்தல், பாலாவி என்னும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து வரும் பெருவீதி, ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரத்திலே புத்தளம் நகரை அடைகிறது. பாலாவியிலிருந்து பிரியும் கிளை வீதி, களப்புக்கும் கடலுக்கும் நடுவே நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குச் செல்கிறது. புத்தளத்திலிருந்து வடக்கே இலவன்குளம் ஊடாக வில்பத்துக் காட்டைக் கடந்து மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக மன்னாரை அடைந்த பழைய பாதையும் ஒன்றுண்டு.

இக்கரையோரத்தின் பயணக் குறிப்புகள் மிகப் பழையன. 1344 ஆம் ஆண்டில் இங்கு கரையிறங்கிய இபுன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த 'பத்தாலா' என்னும் இடத்தை ஆய்வாளர் பலர் புத்தளமெனக் கொள்வர். பாவாதமலைக்குச் செல்ல விரும்பிய அவருக்கு அரசன் பல்லக்கொன்றைக் கொடுத்து, யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் பரிவாரத்தார் பதின்மரையும் சுமை தூக்குவோர் பதினைவரையும் உடன் அனுப்பினான். ஒருவர் பயணம் செய்வதற்கு முப்பதுக்கு மேற்பட்டோர் உடன்செல்லவேண்டியிருந்த காலம் அது. பின்னர் ஒல்லாந்தர் கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்த கால்வாயை உப்பும் கொப்பராவும் ஏற்றிய பாதைப் படகுகள் நிறைத்தன. ஆங்கிலேயர் ஆட்சியிலே புகையிரதப் பாதை 1916 இல் சிலாபத்தையும் 1926 இல் புத்தளத்தையும் அடைந்தது.

பல்லக்கு, படகு, புகையிரதம் ஆகிய மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு. பயணி பிறரால் சுமக்கப்பட்டான். பிறர் குறித்த நேரத்திலே புறப்பட்டு, பிறர் குறித்த இடத்திலே இறங்கினான். இந்நிலையை மாற்றியது துவிச்சக்கரவண்டி; அதனினும் பெரிதாக மாற்றியது மோட்டார் சைக்கிள். மோட்டார் கார் வாங்கும் வசதியற்ற ஆசிரியர், எழுதுவினைஞர், தோட்டக் கண்காணிப்பாளர், மீன் வியாபாரி ஆகியோர் தாம் விரும்பிய வேளையிலே தாம் விரும்பிய கிளைப்பாதையில் திரும்புவதற்கு அது வழிசெய்தது. உடைப்பெட்டி ஒன்றைப் பின்னே கட்டிக்கொண்டு, துணையாக ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, களைப்பின்றி நாள் முழுதும் ஓடத்தக்க வண்டியே பயண மோட்டார் சைக்கிள் எனப்படுவது. அதற்கு வேண்டியது பெருவேகமன்று. ஒரே சீரான ஓட்டமும் உறுதியுமேயாம்.

இயந்திரத்தின் இயல்பு

இலங்கையின் வீதிகளில் முதலில் நிலைகொண்டவை பி.எஸ்.ஏ., டிரையம்ப், நோட்டன், றோயல் என்பீல்ட் முதலான ஆங்கில வண்டிகளாகும். இரண்டாம் உலகப் போர் இவ்வண்டிகளின் தொகையை உலகெங்கும் பெருக்கிற்று. பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 'எம் 20' என்னும் 496 கன சென்ரிமீற்றர் வண்டி மட்டும் போர்க்காலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டது. அப்போர் புத்தளத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரித்தானியக் கடற்படையின் விமானப்பிரிவு இங்கு விமானத் தளமொன்றை அமைத்தது. சேற்றிலே புதைந்த போர் விமானங்களை இழுப்பதற்கு அங்கு யானைகள் பயன்பட்டன. புதிய இயந்திரமும் பழைய வலுவும் ஒரே களத்தில் நின்ற காட்சி அது.

இவ்வகை வண்டிகளின் அமைப்பை அறிந்தாலன்றி, அவற்றை உடையவரின் மகிழ்ச்சியை விளங்கிக்கொள்ள இயலாது. எடுத்துக்காட்டாக, றோயல் என்பீல்ட் புல்லட் வண்டியின் ஒற்றை உருளை 70 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதனுள் இயங்கும் பிஸ்ரன் 90 மில்லிமீற்றர் தூரம் ஏறி இறங்குவது. கொள்ளளவு 346 கன சென்ரிமீற்றர். விட்டத்தினும் அடிப்பு நீண்டதாகவும், சுழற்சில்லு பாரமானதாகவும் அமைந்தமையால், குறைந்த வேகத்திலும் இயந்திரம் திணறாது இழுக்கும். ஒவ்வோர் அடிப்பும் தனித்தனியே செவியில் விழும். காபரேற்றரைத் திருகிக் காற்றையும் பெற்றோலையும் சமன்செய்வதும், தீப்பொறி தரும் முனைகளின் இடைவெளியைத் தகட்டளவி கொண்டு சரிபார்ப்பதும், வால்வுகளின் தளர்வைத் திருத்துவதும் சில சாவிகளும் பொறுமையும் உடைய எவரும் செய்யத்தக்க காரியங்கள். இயந்திரத்தின் உள்ளே நிகழ்வது எதுவும் உடையவருக்கு மறைபொருளன்று. ஓசையிலே சிறு மாற்றம் தோன்றினும் காரணம் இன்னதென ஊகித்து, வீதியோரத்து மரநிழலில் நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம். நெடும்பயணத்திலே தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியும் என்னும் இந்நம்பிக்கையே பழைய வண்டி தரும் முதல் இன்பம்.

உலகளாவிய இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1952 ஆம் ஆண்டிலே ஏர்ணெஸ்ற்றோ சேகுவேரா தம் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் பழைய நோட்டன் வண்டியொன்றிற் புறப்பட்டுத் தென்னமெரிக்காவைக் கண்டதும், அவ்வண்டி சிலி நாட்டிற் கைவிட்டதும் யாவரும் அறிந்தவை. 1974 இல் வெளிவந்த றொபேர்ட் பேர்சிக்கின் புகழ்பெற்ற நூல், மோட்டார் சைக்கிளைப் பேணும் செயலையே மெய்யியல் விசாரணைக்குரிய பொருளாக்கிற்று. ஆயின் அவர்கள் வாழ்ந்த சூழலும் புத்தளத்துப் பயணியின் சூழலும் வேறு. பின்னவர் பழைய வண்டியை விரும்பித் தேர்ந்தவரல்லர். காலம் அதனை அவர்மீது சுமத்திற்று.

தட்டுப்பாடு வளர்த்த அறிவு

1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடிக்குள் ஆழ்ந்தது. வாகன இறக்குமதி சுருங்கிற்று. 1969 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுக்கத்தை நிலைப்படுத்தியது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் அது மேலும் கடுமையாயிற்று. அதே காலப்பகுதியில் ஆங்கில மோட்டார் சைக்கிள் தொழிலும் யப்பானின் போட்டியினால் வீழ்ச்சியுற்றது. றெடிச் நகரிலிருந்த என்பீல்ட் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. உதிரிப்பாகம் செய்தவரும் இல்லை. செய்தாலும் இறக்குமதி செய்யப் பணமும் இல்லை என்ற நிலை உருவாயிற்று.

இவ்விடத்து மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் ஒப்புநோக்குதல் பயனுடையது. இந்தியாவும் அந்நியச் செலாவணியைச் சேமிக்க விரும்பிய நாடே. ஆனால் அங்கு 1955 இல் என்பீல்ட் இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்று, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகலாயிற்று. தாய்நிறுவனம் இங்கிலாந்திலே மறைந்த பின்னரும் அதன் 1950களின் வடிவம் தமிழ்நாட்டிலே தொடர்ந்து வார்க்கப்பட்டது. இலங்கையில் அத்தகைய தொழிற்சாலை எழவில்லை. ஆகவே அங்கு பழைய மாதிரி புதிதாகச் செய்யப்பட்டது. இங்கு பழைய வண்டியே மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. ஒரே காரணம் ஒரு கரையில் உற்பத்தியையும் மறுகரையில் பேணும் கலையையும் வளர்த்ததெனலாம்.

அக்கலையின் களம் சிறு நகரங்களின் கராஜ்கள். தேய்ந்த உருளையை அகலித்து, வேறொரு வண்டியின் பிஸ்ரனைப் பொருத்துதல். கிடைக்காத புஷ்ஷைக் கடைசல் பட்டறையிலே பித்தளையிற் கடைந்தெடுத்தல். அறுந்த கம்பியைக் கருகிய மோட்டாரொன்றின் கம்பியால் ஈடுசெய்தல் என இவை விரிந்தன. புத்தளக் கரையில் இவற்றோடு உப்பும் சேர்ந்துகொண்டது. கடற்காற்றும் உப்பளக் காற்றும் படுமிடத்தில் ஆரைக் கம்பிகள் துருவேறும். நிக்கல் பூச்சு பொரிந்து உதிரும். அலுமினிய உறைகளில் வெண்பொடி பூக்கும். மின்கம்பி முனைகள் பசுமை படர்ந்து தொடர்பற்றுப்போகும். கற்பிட்டிப் பக்கம் சென்று திரும்பிய வண்டியை நன்னீரால் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்த பின்னரே நிறுத்தவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுவது போன்ற இப்பணியைச் சலிப்பின்றிச் செய்தவரது வண்டி நாற்பது ஆண்டுகள் ஓடிற்று; செய்யாதவரது வண்டி பழைய இரும்புக் கடைக்குச் சென்றது. உடைமை என்பது பணம் கொடுத்த நாளில் நிறைவெய்துவதன்று, நாள்தோறும் உழைப்பினால் புதுப்பிக்கப்படுவது என்னும் உண்மை இங்கு தெளிவாகிறது.

1977 இன் இறுதியில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் ஹொண்டா, யமஹா, சுசூக்கி முதலான யப்பானிய வண்டிகள் பெருந்தொகையாக வந்திறங்கின. எண்ணெய் ஒழுகாத, எளிதிலே கிளம்பும் அவ்வண்டிகளைக் கண்டோர் ஆங்கில வண்டிகளைக் கைவிட்டனர். ஆனால் காலம் எதனையும் பழையதாக்கவே செய்கிறது. அன்று புதுமையென வந்த ஹொண்டாவின் 125 வகை இரட்டை உருளை வண்டிகளே இன்று பழைய வண்டிகளெனப் போற்றப்படுகின்றன. பழைய கராஜ்களின் அறிவு அவற்றுக்கும் கைம்மாறிற்று.

பதிவெண்ணில் எழுதப்பட்ட வரலாறு

இலங்கையில் வாகனமொன்றின் பதிவெண் கைமாறும்போது மாறுவதில்லை. ஆதலால் பழைய மோட்டார் சைக்கிளின் எண்தகடு சிறு கல்வெட்டெனக் கருதத்தக்கது. மிகப் பழைய தகடுகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை 'சிலோன்' என்னும் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 1957 தொடக்கத்திலிருந்து அவற்றிற்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. தனிச் சிங்களச் சட்டம் வந்த மறுவருடம் அது. வடகிழக்கிலே தமிழர் அவ்வெழுத்தைத் தமிழில் எழுதி ஓட்டினர், தார் பூசி அழித்தனர், சிறை சென்றனர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. 1990களின் இறுதிவரை வழங்கிய அந்த 'ஸ்ரீ' எண்களை இன்று பழைய வண்டி விரும்புவோர் பெருமையோடு துலக்கி வைக்கின்றனர். சிங்களமும் தமிழும் கலந்து வழங்கும் இக்கரையோரத்தில் அத்தகடு ஒருவருக்கு இனிய இளமை நினைவாகவும் மற்றொருவருக்கு ஆறாத வடுவாகவும் தோன்றலாம். இன்பம் தரும் பொருளிலும் வரலாற்றின் கசப்பு ஒட்டியிருப்பதை ஆய்வாளர் மறைத்தல் ஆகாது.

ஓட்டத்தின் இன்பம்

மகா ஓயாப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் பழைய வண்டி மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றரிலே தன் இயல்பான ஓட்டத்தைக் காண்கிறது. அதற்குமேல் விரைந்தால் அதிர்வு கையையும் இருக்கையையும் வருத்தும். அவ்வேகம் கண்ணுக்கும் செவிக்கும் ஏற்றது. மாறவிலவின் ஓட்டுச் சூளைகள், மாதம்பையின் தென்னந்தோப்புகள், தெதுரு ஓயாவைத் தாண்டியதும் மெலிந்துவரும் பசுமை, முந்தலில் திடீரென விரியும் நீர்ப்பரப்பு, பாலாவியின் வெண்ணிற உப்புக் குவியல்கள் என ஈரவலயம் உலர்வலயமாக மாறுவதை உடலே அறிகிறது. காரின் கண்ணாடிக்குள் இருப்பவர் காணும் நிலத்தை, மோட்டார் சைக்கிளில் செல்பவர் வெப்பமாகவும் மணமாகவும் உணர்கிறார். கற்பிட்டி வீதியிலே சோளகக் காற்று பக்கவாட்டில் மோதும் மாதங்களில், வண்டியைச் சற்றே காற்றுப்பக்கம் சாய்த்து நேராகச் செலுத்தும் பயிற்சி தானே வந்துவிடுகிறது.

இப்பாதையிற் செல்வோர்க்கு இலக்குகளும் பல. முன்னேஸ்வரத் திருவிழா, உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, தலவில் புனித அன்னம்மாள் ஆலயப் பெருவிழா, புத்தளத்துப் பள்ளிவாசல்கள், கற்பிட்டியின் ஒல்லாந்தக் கோட்டை என மூன்று மொழிகளின், நான்கு சமயங்களின் சுவடுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பயணி நின்று நின்று செல்லவேண்டிய பாதை இது. அதற்கு விரைவில்லாத வண்டியே வாய்ப்பானது.

மூடப்பட்ட வீதி

இவ்வின்பத்தின் மறுபுறத்தைப் போர்க்காலம் காட்டிற்று. 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, மக்கள் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலிட்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இது பழைய இயந்திரங்களுக்கே பெரிதும் இயன்றது. அமுக்க விகிதம் குறைந்த உருளையிலேதான் தரங்குறைந்த எரிபொருள் ஓரளவேனும் இடியாமல் எரியும். கரி படிந்த உருளைத் தலையை அடிக்கடி கழற்றிச் சுரண்டவேண்டியிருந்தது. தட்டுப்பாட்டுக் காலக் கராஜ் அறிவு உயிர்காக்கும் அறிவாயிற்று.

1990 ஒக்ரோபரின் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் மக்கள் வீடு, நிலம், கடை, வாகனம் யாவற்றையும் விட்டு நீங்கினர். மன்னார்ப் பகுதியினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையிலே இறங்கினர்; புத்தளம் அவர்களுக்கு இடமளித்தது. பல்லாண்டு பேணிய வண்டியை முற்றத்தில் விட்டுவிட்டுக் கடலேறியவர்க்கு, உடைமையின் இன்பம் என்பது பறிக்கப்படத்தக்கதென்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையே காட்டு வழியாகச் சென்ற பழைய பாதையும் போரினால் அடைபட்டது. போர் 2009 இல் முடிந்தபின் மீள்குடியேற்றத்திற்கென அப்பாதையைத் திறக்கும் முயற்சி 2010 இல் எழுந்தபோது, தேசிய வனத்தின் காப்பைக் கருதிச் சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடின. புத்தளத்தில் ஒரு வீடும் மன்னாரில் ஒரு காணியுமாக வாழும் மக்களின் தேவை ஒருபுறம், வனவிலங்குகளின் அமைதி மறுபுறம். இரண்டும் புறந்தள்ளத்தக்கனவல்ல. பயணம் செய்யும் உரிமை எளிதாகக் கிடைப்பதன்று என்பதற்கு இவ்வீதியே சான்று.

மீண்டும் தட்டுப்பாடு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியிலே, யூலையில் அறிமுகமான அனுமதி முறையின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் பெற்றோலே வழங்கப்பட்டது. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் எனக் கொண்டாலும் அது 160 கிலோமீற்றருக்கே போதும்; கொழும்பிலிருந்து புத்தளம் வந்தவர் திரும்பிச் செல்ல அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். 1970களை அறிந்த முதியோர்க்கு இந்நிலை புதிதன்று. மூலையிலே கிடந்த பழைய வண்டிகள் மறுபடியும் துடைக்கப்பட்டன. பழைய திருத்துநர்கள் மறுபடியும் தேடப்பட்டனர்.

பழைய வண்டியை அளவிறந்து புகழ்வதும் பொருந்தாது. அதன் நிறுத்தி வலுக்குறைந்தது, விளக்கு மங்கியது, புகை மிகுந்தது. இரவில் காட்டு யானையும் கட்டாக்காலி மாடும் குறுக்கிடும் வீதியிலே இவை சிறு குறைகளல்ல. புதிய வண்டியின் பாதுகாப்பையும் சிக்கனத்தையும் மறுப்பவர் அறிவுடையோராகார். ஆயினும் புதிய வண்டியில் பழுது நேர்ந்தால் கணினியும் முகவர் நிலையமுமே விடைகூற வேண்டும். உடையவர் ஒதுங்கி நிற்பார். ஆதலின் இழக்கப்படுவது வண்டியன்று. பொருளுக்கும் மனிதனுக்கும் இடையே நிலவிய அறிமுகமாகும்.

அவ்வறிமுகத்தின் வரலாறு ஏடேறவில்லை. எவ்வண்டியின் உறுப்பு எவ்வண்டிக்குப் பொருந்தும், உப்புக்காற்றுக்கு எதனைப் பூசலாம், மண்ணெண்ணெய்க்கு இயந்திரத்தை எவ்வாறு பழக்கலாம் என்பன திருத்துநர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களிற் பலர் முதுமையெய்திவிட்டனர். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடிச் செல்லும் வரலாற்று மாணவர், சிலாபத்திலும் புத்தளத்திலும் கராஜ் வாயிலிற் சற்றே நின்று, எண்ணெய் படிந்த கைகளையுடைய அம்முதியோர் கூறுவதையும் எழுதிக்கொள்வாராயின், இந்நாட்டுச் சாதாரண மக்கள் தட்டுப்பாட்டையும் பிரிவினையையும் கடந்து எவ்வாறு பயணம் செய்தனர் என்பதற்கான சான்றுகள் அழியாது எஞ்சும்.